டிஜிட்டல் இலத்திரனியல் லாப்: மீற்றரை ஐசியின் காலிலேயே வையுங்கள்

பெறுபேறு போன கிழமை வந்தது. டிஜிட்டல் இலத்திரனியல் செய்முறையில் சித்தி, அதுவும் நல்ல தரத்தோடு. லாப் நாளுக்கு முதல் இரவு நித்திரை வராமல் புரண்டு கிடந்த எனக்கு இது பெரிய ஆறுதல். யாழ்ப்பாணத்தில் டிப்ளோமா படிக்க வருகிற அடுத்த அணித் தம்பி தங்கச்சிமாருக்காக, எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதுகிறேன்.

தியறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உயர்தரத்தில் பௌதிகவியலோ ஐசிரியோ செய்தவர்களுக்குத் தருக்கப் படலை (லொஜிக் கேற்), எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு என்று காட்டுகிற உண்மை அட்டவணை எல்லாம் ஏற்கெனவே தெரியும். சுற்றைச் சுருக்க உதவுகிற கார்னோ வரைபடத்தை இரண்டு பின்னேரம் இருந்து செய்தால் பிடிபட்டுவிடும். அந்த நம்பிக்கையோடு லாப்புக்குள் போகிறவர்கள்தான் முதல் மாதமே சோர்ந்து போகிறார்கள். தாளில் சரியாக இருக்கிற சுற்று போட்டில் (வயரையும் ஐசியையும் துளைகளில் குத்திச் சுற்று அமைக்கிற பிரெட்போட்டில்) வேலை செய்யாது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் இருக்காது.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். ஐந்து பேருக்கு ஒரு போட். ஒருவர் வயர் குத்துவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். போட்டுகள் பல அணி கண்டவை, துளைக்குள் இருக்கிற தகடு தளர்ந்து வயர் சும்மா நிற்கும். ஐசிகளின் (படலைகள் உள்ளே இருக்கிற சின்னச் சில்லுகளின்) உலோகக் கால்கள் கறுத்திருக்கும். சரியாகக் குத்தியும் எல்இடி எரியாவிட்டால், "இணைப்பைப் பாருங்கோ" என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். உடனே முழுவதையும் கழற்றி முதலிலிருந்து குத்துவோம். அதே துளை, அதே தகடு, அதே பிழை. இதில் மாணவரின் மூளையில் குறை எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த முடிவுக்கு ஒரு தேய்ந்த தகடு காரணமாக இருந்திருக்கிறது.

எனக்கு வழி காட்டியவர் ரேடியோ, ரீவி திருத்துகிற ஒரு ஐயா. கடைக்கு ஒரு தடையி வாங்கப் போனபோது கையில் இருந்த போட்டைப் பார்த்து, "குடும் தம்பி" என்று வாங்கினார். சுற்று என்ன என்று கேட்கவே இல்லை. மல்ரிமீற்றரின் கறுப்பு முனையை ஐசியின் 7ஆம் காலிலும் (நிலம், அதாவது 0 வோல்ற்) சிவப்பு முனையை 14ஆம் காலிலும் (பவர்) வைத்தார். பவர் வருகிற ஓரக் கோட்டில் இல்லை, வயரில் இல்லை, ஐசியின் உலோகக் காலிலேயே. கோட்டில் 5 வோல்ற் இருந்தது. காலில் 3 வோல்ற்றைச் சற்றுத் தாண்டிய அளவுதான் இருந்தது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நான் தேடித் திரிந்த பிழை முழுவதும் இருந்தது.

இந்தக் கட்டுரையில் வேறொன்றும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்: வயரை நம்பாதீர்கள், காலில் அளந்து பாருங்கள். சுற்றைப் பற்றி யோசிக்க முதல் ஒவ்வொரு ஐசிக்கும் அதன் காலில் 4.75 முதல் 5.25 வோல்ற் வருகிறதா என்று பாருங்கள். லாப்பில் பாவிக்கிற 74எல்எஸ் இன ஐசிகள் அந்த எல்லைக்குள் வேலை செய்யவே செய்யப்பட்டவை. அது சரியாக வரும்வரை வேறெதையும் தொட வேண்டாம்.

அடுத்தது உள்ளீட்டுக் கால்கள். 0.8 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் 0, 2 வோல்ற்றுக்கு மேலே இருந்தால் 1. இரண்டுக்கும் நடுவில், 1 வோல்ற் சொச்சம் காட்டினால், அந்தக் காலுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வந்து சேரவில்லை. வயர் குத்தியிருப்பது போலத் தெரியும், ஆனால் தொடவில்லை. இந்த இடம்தான் ஆளை ஏமாற்றும். ரிரிஎல் ஐசி (74எல்எஸ் அந்த வகைதான்) எதிலும் தொடாமல் தொங்குகிற காலை 1 என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 1 தருகிற அண்ட் படலையில் ஒரு கால் தொங்கினால், உண்மை அட்டவணையின் நான்கு வரிசையில் மூன்று சரியாகவே வரும். ஒன்றுதான் பிழைக்கும். குழுவில் எல்லோரும் ஐசி பழுது என்பார்கள். ஐசியை மாற்றுவீர்கள், பிறகும் அதே மூன்று சரி, ஒன்று பிழை. மீற்றர் வைத்தால் அரை நிமிட வேலை.

ஆகவே சொந்தமாக ஒரு மலிவு மீற்றரும் ஒரு புது போட்டும் வாங்குங்கள். குழுவாகப் பணம் போட்டு வாங்கலாம் என்பார்கள், நான் அதற்கு உடன்பட மாட்டேன். எனக்கு ஆளரவம் இல்லாத இடத்தில் தனியே இருந்து செய்தால்தான் ஏறும். கதைத்துக் கதைத்துப் படிக்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கலாம், ஆனால் பரீட்சையன்று கை உங்களுடையது மட்டும்தான். வீட்டில் பவர் சப்ளை இல்லாவிட்டால் 5 வோல்ற் என்று எழுதியிருக்கிற பழைய போன் சார்ஜர் போதும். வயரை வெட்டுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கால் இலக்கங்களில் எங்கள் அணியில் பலரும் அடிபட்ட இடங்கள்:

- 7400 (நாண்ட்), 7408 (அண்ட்), 7432 (ஓர்), 7486 (எக்ஸ்ஓர்) நான்கிலும் 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. 7402 (நோர்) மட்டும் தலைகீழ்: 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. கைப்பழக்கத்தில் குத்தினால் வெளியீட்டுக்கே பவர் கொடுப்பீர்கள்.
- 7476 (0, 1ஐ நினைவில் வைத்திருக்கிற ஜேகே பிளிப்புளொப்): 16 கால். பவர் 16இலும் 8இலும் இல்லை. 5 பவர், 13 நிலம். 2, 3, 7, 8 ஆகிய பிரிசெட் (வெளியீட்டை 1 ஆக்குகிற), கிளியர் (0 ஆக்குகிற) கால்களை 5 வோல்ற்றில் கட்ட வேண்டும்.
- 7490 (0 முதல் 9 வரை எண்ணுகிற ஐசி, அதாவது எண்ணி): 5 பவர், 10 நிலம். 12ஐ 1க்கு இணைத்து, கடிகாரத் துடிப்பை 14இல் கொடுங்கள். 2, 3, 6, 7 நிலத்துக்குப் போகவேண்டும். அவற்றைத் தொங்கவிட்டால் இந்த எண்ணி 9இலேயே நின்றுவிடும்.
- 7447 (எண்ணை ஏழு துண்டு டிஸ்பிளேயில் காட்டுகிற ஐசி) பொது அனோட் டிஸ்பிளேக்கு, அதாவது எல்லாத் துண்டுக்கும் பவர் பொதுவான வகைக்கு மட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் 330 ஓம் தடையி. 3, 4, 5ஆம் கால்களை 5 வோல்ற்றில் கட்டுங்கள்.
- நீளமான சில போட்டுகளில் பவர் கோடு நடுவில் அறுந்திருக்கும். இரண்டு பாதியையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கணினியில் சுற்றை ஓட்டிப் பார்க்கிற புரோட்டியஸ் மென்பொருளில் செய்து பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இந்த ஐசிகளின் பவர் கால்கள் திரையில் தெரியாது, தானாகவே இணைந்திருக்கும். அதனால்தான் திரையில் ஓடிய எண்ணி மேசையில் ஓடுவதில்லை.

கடையில் வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். இங்கே 74எல்எஸ் இல்லாவிட்டால் 74எச்சி தருவார்கள். கொழும்புக்குப் போகிறவர்களிடம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கச் சொன்னாலும் இதே எச்சரிக்கைதான். கால் இலக்கம் ஒன்றுதான், குணம் வேறு. எச்சி ஐசியில் தொங்குகிற கால் 1 என்று எடுபடாது, கையைக் கிட்டக் கொண்டுபோனாலே மாறும். எல்எஸ் வெளியீடு 2.7 வோல்ற்றே கொடுத்தாலும் அது 1தான், ஆனால் 5 வோல்ற்றில் ஓடுகிற எச்சி 3.5 வோல்ற்றை எதிர்பார்க்கும். ஒரே சுற்றில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எண்ணி இரண்டு மூன்று தாண்டுகிறதா? சுற்று சரி. பொத்தானின் தகடு உள்ளே துள்ளி, ஒரு அழுத்தத்துக்குப் பல துடிப்புக் கொடுக்கிறது. 7400இல் இரண்டு நாண்ட் படலைகளைக் குறுக்காகக் கட்டி, இருபக்க ஆளியால் துடிப்புக் கொடுங்கள். அல்லது துடிப்பு உண்டாக்குகிற 555 ரைமர் ஐசி வையுங்கள். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) என்னிடம் விரிவாகக் கேட்டது இதைத்தான்.

வைவா ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் மூலம் படித்து வந்தவர்கள் அங்கேதான் வாய் அடைத்து நிற்கிறார்கள், தெரிந்ததைச் சொல்ல முடியாமல். நீண்ட வசனத்துக்குப் போகாதீர்கள். கால் இலக்கத்தையும் அளந்த வோல்ற்றையும் சொல்லி விரலால் காட்டுங்கள். எண்களை எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள்.

பரீட்சையன்று நான் செய்த ஒழுங்கு: சுற்றுப் படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பென்சிலால் கால் இலக்கம் எழுதினேன். ஐசிகளைக் குத்தி, சிவப்பு, கறுப்பு வயர் மட்டும் போட்டு, எல்லா ஐசியின் காலிலும் 5 வோல்ற் பார்த்தேன். பிறகு ஒரு படலை, ஒரு எல்இடி. அது சரிவந்த பிறகே அடுத்தது. பக்கத்து மேசையில் முழுச் சுற்றும் முடிந்துவிடும், மனம் பதறும். பதறட்டும், கை நிதானமாக இருக்க வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் சுற்று ஓடாவிட்டால் கழற்ற வேண்டாம். எந்தக் காலில் என்ன வோல்ற், அங்கே என்ன வந்திருக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதிக் கொடுங்கள். எங்கள் அணியில் ஒருவரின் எண்ணி கடைசிவரை ஓடவே இல்லை. அந்த எண்களை எழுதிக் கொடுத்தார், அவரும் சித்தி.