கடலுக்குள் ஒரு குரல்

இன்று காலை ஹெட்போனில் துடுப்புத் திமிங்கிலத்தின் குரலைக் கேட்டேன். பத்து மடங்கு வேகமாக ஓட்டிய பதிவு. அசல் குரல் சுமார் 20 ஹெர்ட்ஸ். நம் காது கேட்கத் தொடங்கும் இடமே அதுதான்.

இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கடல் லேசில் விழுங்குவதில்லை.

நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். கீழே போகப் போகக் குளிர் ஏறும், வேகம் குறையும். அப்புறம் ஓர் ஆழத்துக்குக் கீழே குளிர் பெரிதாக மாறாது, அழுத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும். வேகம் மறுபடி ஏறும். இடையில் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு, பல கடல்களில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில்.

ஒலி எப்போதும் மெதுவான பக்கமாகத்தான் வளையும். மேலே போனால் கீழே திரும்பும், கீழே போனால் மேலே. தரையிலும் மோதாமல், அலையிலும் சிதறாமல் அந்த அடுக்குக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும்.

1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் வெடி வைத்தார்கள். கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் இருக்கும் பெர்முடாவில் அது பதிவானது. போய்ச் சேர ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். (விமானத்தைவிட வேகம்!)

நீர் சூடானால் ஒலி கொஞ்சம் முன்னதாகவே வந்து சேரும். அதை வைத்தே கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்றார் கடலியலாளர் வால்டர் மங்க். 1991இல் இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள ஹேர்டு தீவருகே ஒலி எழுப்பிச் சோதித்தார்கள்; அமெரிக்காவின் இரு கரைகளிலும் கேட்டது.

ஆனால் கப்பல்களின் இரைச்சலும் இதே தாழ்ந்த சுருதிதான். திமிங்கிலங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.