குண்டாஸ் வழக்கில் ஆட்கொணர்வு மனு: சென்னையா, மதுரையா?

என் தம்பி மீது குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் (பேச்சுவழக்கில் குண்டாஸ்) பிறப்பிக்கப்பட்ட தடுப்புக்காவல் ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் ஆட்கொணர்வு மனுவை, அதாவது சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் மனுவை, எங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே யாராவது சரியாகச் சொல்லியிருந்தால் அவன் இன்னும் முன்பாகவே வெளியே வந்திருப்பான் என்ற ஆற்றாமை எனக்குத் தணியவில்லை. குண்டாஸ் என்று சொல்லப்படும் இந்த 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தின்கீழ் ஒருவரை அடைத்து வைக்கக்கூடிய உச்சகாலமே 12 மாதங்கள்தான் என்பதால், வீணாகும் ஒவ்வொரு வாரமும் சிறையில் இருப்பவரின் கணக்கில்தான் கழிகிறது.

தம்பி திருச்சி மத்தியச் சிறையில் இருந்தான். திருச்சி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் அங்கேதான் மனு போட வேண்டும் என்று, நாங்கள் முதலில் அணுகிய வழக்கறிஞர் அலுவலகத்தின் குமாஸ்தா அடித்துச் சொன்னார். ஆணையில் கையெழுத்திட்டவர் எந்த மாவட்டத்தின் ஆட்சியர் என்று அவர் கேட்கவே இல்லை. கையெழுத்திட்டது எங்கள் மாவட்ட ஆட்சியர், எங்கள் மாவட்டமோ சென்னையிலுள்ள உயர் நீதிமன்ற முதன்மை அமர்வின் கீழ் வருவது. அரியலூர், பெரம்பலூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள்: உங்கள் பிள்ளை திருச்சிச் சிறையில் இருக்கலாம், அதனாலேயே வழக்கு மதுரைக்குப் போய்விடாது. பக்கத்திலுள்ள தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் கரூரும் மதுரைக் கிளையைச் சேர்ந்தவை என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது.

மதுரையில் கொடுத்த மனுக்கட்டு, எல்லை வரம்பு குறித்து விளக்கம் கேட்கும் குறிப்போடு திரும்பி வந்தது. அதைச் சென்னைக்கு எடுத்துச் சென்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மனுவின் தலைப்பிலும் பிரமாணப் பத்திரத்தின் தலைப்பிலும் மதுரைக் கிளை என்று இருந்ததால் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. மனுதாரரான எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலப் பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் படித்து விளக்கி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மீண்டும் கைநாட்டு வாங்கினோம். மை உலராத தாள்களை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் பொங்கியது.

ஆகவே வழக்கறிஞரிடம் போகும் முன்பே ஆணையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையொப்பத்தின் கீழே இருக்கும் பதவியும் மாவட்டமும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. சிறையின் ஊர் அதற்குப் பிறகுதான். மாநகரம் என்றால் அங்கே காவல் ஆணையர் கையெழுத்திட்டிருப்பார். ஆணையை எதிர்த்து அரசுக்கு அனுப்ப வேண்டிய கோரிக்கை மனுவை இடப்பிரச்சினை தீரும்வரை நிறுத்தி வைக்கவும் கூடாது. அது தனி உரிமை, அன்றைக்கே அனுப்பிவிடலாம்.

சென்னையில் மனு எண்ணிடப்பட்ட பிறகு எல்லாம் சீராகவே நடந்தது. தம்பிக்குக் கொடுத்த ஆவணப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு ரிமாண்டு (நீதிமன்றக் காவல்) உத்தரவுக்குத் தமிழாக்கம் இல்லை என்பதை எங்கள் புதிய வழக்கறிஞர் விரலை வைத்துக் காட்டினார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றுக்கொண்டு ஆணையை ரத்து செய்தது.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் மட்டுமே விடுவிக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பில் எழுதுவார்கள். குண்டாஸுக்கு அடிப்படையான வழக்கில் ஜாமீன் தனியாக வாங்கியிருக்க வேண்டும். அந்த மனுவை ஆட்கொணர்வு மனுவோடு சேர்க்க முடியாது, உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே அதைத் தொடங்க வேண்டும். நாங்கள் அதை முன்பே வாங்கி வைத்திருந்ததால், தீர்ப்பு நகல் சிறைக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே தம்பியை வெளியே விட்டார்கள்.