அரிவாள் மூக்கனின் முதுகும் கேமராவோடு வந்த மென்பொருளும்

வெள்ளை அரிவாள் மூக்கனின் முதுகை இறகு இறகாகப் பிரித்துக் காட்டும் படம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. வேடந்தாங்கலில் லென்ஸ் தூக்கி அலைந்தவர்களுக்கு இந்தப் பறவை கொடுக்கும் தொல்லை தெரியும். உடம்பு சுண்ணாம்பு வெள்ளை. தலையும் கழுத்தும் மயிரில்லாத கரி. முதுகுக்கு வெளிச்ச அளவு பார்த்தால் கண் காணாமல் போகும், கண்ணுக்குப் பார்த்தால் முதுகு வெற்றுத்தாள் ஆகும். இந்தச் சிக்கலை எனக்கு அவிழ்த்துக் கொடுத்தது நிக்கான் இலவசமாகத் தருகிற என்எக்ஸ் ஸ்டூடியோ என்ற படத்திருத்த மென்பொருள். ‘கேமராவோடு வருவதையெல்லாம் யார் தொடுவார்கள்’ என்று உதட்டைப் பிதுக்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விஷயம் முழுக்க ஆக்டிவ் டி-லைட்டிங் என்ற நிக்கான் கேமரா அமைப்பில் இருக்கிறது. என் டி7500 கேமராவில் அதை ‘ஹை’யில் வைத்தால், ஷட்டர் விழும் முன்பே கேமரா எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் வெளிச்சத்தை, சற்றுக் குறைத்து வெள்ளையைக் காப்பாற்றுகிறது. இருண்ட பகுதிகளைத் தூக்கி நிறுத்துவது, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைப் படமாக விரிக்கும்போது நடக்கிற மீதிப் பாதி. டார்க்டேபிள் போன்ற வெளி மென்பொருள்களில் என்இஎஃப் என்ற நிக்கான் ரா கோப்பைத் திறந்தால் இந்த மீதிப் பாதி நடப்பதில்லை. குறைத்த வெளிச்சம் மட்டும் தங்கிவிடுகிறது. பின்புறத் திரையில் பளிச்சென்று இருந்த படம் கணினியில் அழுது வடிவதற்குப் பல நேரங்களில் காரணம் இதுதான். திரையில் நாம் பார்ப்பது கேமரா தானே தயாரித்த ஜேபெக் உருவத்தை. ஸ்லைடர்களைத் தள்ளித் தள்ளி அந்த நிலைக்கு வந்துவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு காலைப் பொழுதில் எடுத்த அத்தனை படங்களுக்கும் அதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

என்எக்ஸ் ஸ்டூடியோ அந்த அமைப்பைப் படித்து அப்படியே மதிக்கிறது. ‘ஹை’யில் எடுத்ததை ‘நார்மல்’ ஆக இறக்கியும் பார்க்கலாம். என் அரிவாள் மூக்கனுக்கு ‘நார்மல்’தான் பொருந்தியது, ‘ஹை’யில் கழுத்துக் கறுப்பு சாம்பல் பூசியதுபோல் வெளுத்தது. படத்தின் நிறத்தையும் அழுத்தத்தையும் தீர்மானிக்கும் பிக்சர் கன்ட்ரோலையும் ‘ஸ்டாண்டர்ட்’டிலிருந்து ‘நியூட்ர’லுக்கு மாற்றினேன். முதுகில் மடிப்புகள் தெரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, ஒரு இடத்தை மட்டும் திருத்த உதவும் கலர் கன்ட்ரோல் பாயிண்ட். முதுகின் மேல் ஒரு புள்ளி வைத்து, வட்டத்தைச் சுருக்கி, வெளிச்சத்தை ஒரு சிட்டிகை குறைத்தால் போதும். வட்டத்துக்குள் அதே நிறமுள்ள இடங்களை மட்டும் அது பிடித்துக்கொள்கிறது. திருத்தும் இடத்தைப் பிரிக்க முகமூடி வரைந்து, ஓரம் மழுக்கி, மூக்கின் வளைவில் வழிந்ததை அழித்து என்ற கூத்தெல்லாம் இல்லை. பழைய ஆட்களுக்கு இது நிக்கானின் கேப்சர் என்எக்ஸ் 2 காலத்து நண்பன். கேப்சர் என்எக்ஸ் 2 காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். புள்ளி நுட்பம் நிக் நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. 2014-இல் இலவசமாக வந்த கேப்சர் என்எக்ஸ்-டியில் புள்ளிகளைக் காணவில்லை, பிறகு திரும்பி வந்தன. 2021-இல் என்எக்ஸ் ஸ்டூடியோ வந்தபோது அவையும் கூடவே வந்தன.

ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். மாற்றங்கள் என்இஎஃப் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. பக்கத்தில் என்கேஎஸ்சி பாராம் என்ற துணை அடைவில் தனிக் கோப்புகளாக உட்காருகின்றன. படங்களை விண்டோஸ் வழியாக வேறு வட்டுக்கு நகர்த்துகிறவர்கள் அந்த அடைவையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

வேகம் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியவில்லை. புலம்பல் என் மடிக்கணினி மேல்தான். நூறு சதவீதப் பெரிதாக்கலில் புள்ளியை நகர்த்திவிட்டுத் தேநீர் ஆற்றலாம். நினைவகம் கூட்டுவதற்காக ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். அப்படியே ஒரு நல்ல கார்டு ரீடரும் வாங்கிவிடலாம். போன முறை அங்கே ஒரு கடையில் வாங்கியது, கையை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும் ரகம்.

ஆகவே என் ஏற்பாடு இப்படி: கேமராவின் அமைப்புகளைப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் கட்டம் என்எக்ஸ் ஸ்டூடியோவில். அங்கிருந்து 16 பிட் டிஃப் கோப்பாக வெளியேற்றி, இரைச்சல் எனப்படும் பொடிப் புள்ளிகளின் நீக்கமும் கிளைகளைத் துடைப்பதும் வேறு மென்பொருளில். ஒவ்வொரு டிஃப் கோப்பும் ஏறக்குறைய 125 எம்பி வருவதால் தேறிய படங்களுக்கு மட்டுமே இந்த மரியாதை. ஆயிரக்கணக்கான படங்களைக் குறிச்சொல் போட்டு அடுக்க நினைப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் வேறு மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஃப்யூஜி கேமரா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த நிறுவனத்தின் எக்ஸ் ரா ஸ்டூடியோ மென்பொருள் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டே இருக்கிறார். அதில் கேமராவை யுஎஸ்பி வழியாக இணைத்தால் ராவை விரிக்கும் வேலையைக் கேமராவின் சில்லே செய்கிறது. என்னுடையதைப் போன்ற கிழட்டுக் கணினிக்கு அதுதான் தோதான யோசனை. ஒருநாள் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

அரிவாள் மூக்கன் படத்தில் இரைச்சல் நீக்கம் இன்னும் பாக்கி. அதற்குள் மஞ்சள்மூக்கு நாரை படங்களைத் திறந்துவிட்டேன். வால் பக்கத்து இளஞ்சிவப்பு ‘ஸ்டாண்டர்ட்’டில் மிட்டாய் நிறமாக வருகிறது, ‘நியூட்ர’லில் சோகை பிடித்துவிடுகிறது. அங்கேயும் ஒரு புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.