சம்பளப் பட்டியலும் வயலின் ஓரமும்

கோலாலம்பூரில் துப்புரவுக் குத்தகை எடுக்கும் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். செந்தூலிலிருந்தும் பந்தாயிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வரும் நம் அம்மாமார்கள், வங்காளதேசத்துத் தம்பிகள், இந்தோனேசியப் பெண்கள் என எல்லாருடைய ஓவர்டைமும், இபிஎஃப் என்னும் சேமநிதியும், சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதியும் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஞாயிறன்று பிரிக்பீல்ட்ஸ் சபையில் காணிக்கைப் பையில் போடுவது எனக்குச் சுலபம். உறையில் தொகை எழுதி ஒட்டி வீட்டிலேயே எடுத்து வைத்திருப்பேன். திங்கட்கிழமை இந்த மேசையில் என்ன கொடுக்கிறேன் என்பதுதான் கடினமான கேள்வி.

கொடுப்பது என்றதும் சபையில் முதலில் வரும் பேச்சு தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அடுத்தது அறுப்பின் பண்டிகை ஏலம். ஒரு தேங்காய் பத்து வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கி நூறைத் தாண்டும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அறுப்பைப் பற்றி வேதத்தில் இருக்கும் வேறொரு கட்டளைதான் அலுவலகத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம்: "உன் வயலின் ஓரத்திலிருக்கிறதைத் தீர அறுக்காமலும், சிந்திக்கிடக்கிற கதிர்களைப் பொறுக்காமலும்" இருக்கச் சொல்கிறது. எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நிய தேசத்தானுக்கும், அதை விட்டுவிட வேண்டும். அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கொஞ்சம் அள்ளிக் கொடு என்று சொல்லவில்லை. அறுக்கும்போதே ஓரத்தை விட்டுவிடு என்கிறது.

அதே அதிகாரத்தில் சில வரிகள் தள்ளிக் கூலி வருகிறது: கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவ்வளவு கண்டிப்பில்லை. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் அதுகூட நடக்காது. சம்பளம் பத்தாம் தேதியும் வரும், பதினைந்தாம் தேதியும் வரும். ஆனால் நன்கொடைப் பலகை எங்கே இருந்தாலும் முதலாளி பெயர் அதில் இருக்கும். ஏழாம் நாளைத் தாண்டிய கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த நன்கொடையை நான் கொடை என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். சரியான சம்பளத்தைச் சரியான நாளில் கொடுப்பதும் கொடையல்ல, கடன். கொடை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அப்படியானால் சம்பளக் கிளார்க் எதைக் கொடுப்பது? பணம் கம்பெனியுடையது. எனக்குச் சொந்தமானவை என் நேரமும், இந்தப் பாரங்களை, அதாவது படிவங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததும்தான். என் வயலின் ஓரம் அதுதான்.

தரை கழுவும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் நாற்பதுகளிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வேலையிடத்தில் அல்ல, வீட்டில், தூக்கத்தில். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி யூனிபார்மைத் துவைத்து மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். கடைசி மாதச் சம்பளம் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். வேறு எதையும் அவர் எதிர்பார்த்து வரவில்லை. வேலையில் அடிபட்டுச் செத்தால்தான் சொக்சோ என்று அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், அறுபது வயதுக்கு முன் எந்தக் காரணத்தால் இறந்தாலும் மனைவி பிள்ளைகளுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. இபிஎஃப்பில் அவர் சேமிப்போடு, 2,500 வெள்ளி இறப்பு உதவிக்கும் மனுச் செய்யலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும்.

அது மாதக் கடைசி வாரம். என் மேசையில் ஓவர்டைம் தாள்கள் குவிந்து கிடந்தன. ஒரு தாளில் விவரத்தை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த அக்காவை உட்காரவைத்துப் பாரங்களை நிரப்பினேன். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எதெது வேண்டும் என்று சொல்லி, இன்னொரு நாள் லீவு போட்டு சொக்சோ அலுவலகத்துக்கும் கூடப் போனேன். "அதெல்லாம் நம்ம வேலையாம்மா?" என்று மேனேஜர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "இல்லைங்க சார், அதனாலதான் லீவு போட்டேன்" என்றேன்.

ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க போட்ட பிச்சைதான் தாயி" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் விட்டுவைக்க விரும்பவில்லை. பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்து, சொக்சோவுக்குப் பிடித்த தொகையைக் காட்டினேன். "இது உங்க வீட்டுக்காரர் மாசாமாசம் கட்டினது, அக்கா. உங்களுக்குச் சேரவேண்டியது" என்றேன். அவர் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஓரத்தை விட்டுவைக்கும் கட்டளையின் அருமை எனக்கு அன்று நன்றாகப் புரிந்தது. கதிர் பொறுக்க வருகிறவள் யார் வாசலிலும் கைநீட்டி நிற்பதில்லை. தன் கையால் பொறுக்கி, தன் தலையில் சுமந்து போகிறாள். வேதத்தில், கதிர் பொறுக்க வந்த அந்நிய தேசத்து விதவை ரூத்துக்காக, வயலின் சொந்தக்காரர் போவாஸ் ஒருபடி மேலே போகிறார். கட்டிய அரிகளிலிருந்தும் வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்கிறார். அவளிடம் சொல்லவில்லை. தான் பொறுக்கியது தன் உழைப்பு என்றே அவள் மாமியாரிடம் போயிருப்பாள். கொடுத்தவருக்கும் அதில் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

2021-இல் ஊரடங்கு நீண்டுகொண்டே போனபோது, உதவி வேண்டும் வீடுகளில் ஜன்னலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். எங்கள் வேலையாட்கள் சிலர் வீட்டிலும் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டோம். அலுவலகத்தில் பணம் சேர்த்து அரிசி, எண்ணெய், மாவு, சார்டின் டின் எல்லாம் பையில் கட்டினோம். ஒவ்வொருவரும் பையோடு நிற்கும் படம் எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல, கணக்குக் காட்டத்தான். படம் வேண்டாம், ரசீதுகளை நான் வைக்கிறேன் என்று சொன்னேன். நாங்கள் கக்காக் (அக்கா) என்று கூப்பிடும் சூப்பர்வைசர் ஒருவர், எங்களோடு வேலை செய்யும் மலாய்க்காரர், அந்தப் பைகளைத் தம் வேனில் கொண்டுபோய் வீட்டு வாசல்களில் வைத்துவிட்டு, ஹாரன் அடித்துவிட்டு வந்துவிட்டார். வேதத்தை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியாதபடி கொடுப்பதை நான் கண்ணால் கண்டது அவரிடம்தான்.

சந்தோஷமாகவே எப்போதும் கொடுக்கிறேன் என்று சொல்லமாட்டேன். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று பவுல் எழுதியதை, இருபத்தெட்டாம் தேதி மாலை ஏழு மணிக்கு, சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்டு யாராவது கதவைத் தட்டும்போது நினைத்துக்கொள்வேன். சில நாள் உற்சாகம் வரும். சில நாள் வராது, ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போடுவேன். உட்கார்ந்து பேசத் தொடங்கினால் பாதி வழியில் மனம் தானாக இளகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸ் கேட்டு வருகிறவர்களிடம்தான் எனக்கு அதிகப் பொறுமை தேவைப்படுகிறது. நாம் மறுத்தால் அவர்கள் போகும் இடம் தெரியும். விளக்குக் கம்பம் தோறும் ஆலோங்காரர்கள், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவர்கள், போன் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மாத நடுவில் ஒரு சிறு முன்பணம் கொடுக்கலாம் என்று நிர்வாகத்திடம் பேசி ஒப்புதல் வாங்கினோம். ஆனால் மாதம் தவறாமல் கேட்கும் ஒருவருக்கு அப்படியே எழுதிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் நன்மையென்று எனக்குத் தோன்றவில்லை. அவரோடு உட்கார்ந்து கடன்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்க்க, அட்வான்ஸ் பாரம் நிரப்புவதைவிட அதிக நேரம் பிடித்தது.

2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம். தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. சீட்டில் புதிதாக ஒரு பிடித்தம் வந்ததும் வங்காளதேசத்துத் தம்பிகள் கலங்கிப்போனார்கள். அது அவர்கள் பெயரில் சேரும் சேமிப்பு என்று நான் மலாயில் சொன்னதைச் சிலர்தான் நம்பினார்கள். இப்போது அவர்களில் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, அதை வங்காளியில் எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதச் சம்பளச் சீட்டோடு சேர்த்து எல்லாருக்கும் கொடுக்கப்போகிறோம்.