திருவொற்றியூரில் ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் கார்: விற்கப் போய் நிறுத்தியது ஏன்

கார் இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்டு போன் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். என்னிடம் இருப்பது பிஒய்டி சீல், பெர்ஃபாமன்ஸ் மாடல். 2024 மார்ச்சில் இங்கே அறிமுகமானபோது ஷோரூம் விலை 53 லட்சம். 82.56 யூனிட் பேட்டரி, முன்னும் பின்னும் மோட்டார், 530 குதிரைத் திறன், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.8 நொடி. நாலு கதவு வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லக் கூடாது என்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை மிதித்துக் காட்டினால் அவர்களே பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள்.

மிதிக்க இடம் எங்கே என்பதுதான் கேள்வி. வீடு வடசென்னையில் திருவொற்றியூர், வேலை ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் 530 குதிரையும் கட்டிப்போட்ட மாதிரிதான் நகரும். டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோ வைத்ததே சட்டம். மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினால்தான் வண்டிக்கு வாங்கிய காசு தெரியும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்.

வண்டி வருவதற்கு முன்பே வீட்டில் வேலை ஆரம்பித்துவிட்டது. வீட்டுச் சார்ஜர் 7 கிலோவாட், கிட்டத்தட்ட 32 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீடு அப்பா கட்டியது, சிங்கிள் பேஸ், ரெண்டு ஏசி சேர்ந்து ஓடினாலே மெயின் சுவிட்ச் சுடும். மின்வாரியத்தில் கூடுதல் லோடும் மூன்று பேஸும் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பித்து, டெபாசிட் கட்டினேன், புது மீட்டர் வந்தது. அது நான் பயந்த அளவுக்கு இல்லை. தலைவலி கொடுத்தது எர்த். சார்ஜரை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார், இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ரெண்டு மூணு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது அது. கொல்லையில் பழைய எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் ஜிஐ இரும்புப் பைப்பில் பாதியைக் காணோம், துருவாகி மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. "கடல் பக்கத்துல உப்பு மண்ணு சார், எர்த் நல்லாத்தான் புடிக்கும், ஆனா பைப்ப தின்னுடும்" என்றார். செம்பு பூசிய ராடு இறக்கி, சுற்றிலும் கெமிக்கல் பவுடர் கொட்டி, மீட்டரிலிருந்து வண்டி நிற்கும் இடம் தள்ளி இருப்பதால் 10 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் இழுத்து, தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் கட் ஆகிற சுவிட்ச்), தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் கட் ஆகிற சுவிட்ச்) போட்டு முடித்தார். அதற்கப்புறம் ஒரு வோல்ட்கூடக் காட்டவில்லை. கடலோரத்தில் பழைய வீடு வைத்துக்கொண்டு ஈவி, அதாவது மின்சார வண்டி வாங்குகிறவர்கள், டெஸ்ட் டிரைவ் போவதற்கு முன்னால் எர்த் குழியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினாலே நம் பில் வேறு ஸ்லாபுக்குப் போய்விடும். ஆயிரத்தைத் தாண்டின யூனிட்டுக்கு 2024 ஜூலை கட்டணப்படி 11 ரூபாய் 80 காசு. காலி பேட்டரியை நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்து 90 யூனிட் என்று வைத்துக்கொண்டால், எல்லாமே உச்ச ஸ்லாபில் விழுந்தாலும் ஆயிரத்து அறுபது ரூபாய்ச் சொச்சம். நான் ஓட்டுகிற விதத்தில் அதற்கு 400 கிலோமீட்டர் போகிறது. இதே வேகம் உள்ள பெட்ரோல் வண்டியில் அந்தக் காசுக்கு நூறு கிலோமீட்டர் போனால் அதிர்ஷ்டம். புகையே இல்லாத வண்டி என்று தெற்கே இருக்கிற நண்பர்கள் பாராட்டும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பல் மொட்டை மாடித் துணியில் படிகிற ஊர் எங்களுடையது. எங்கள் காரின் புகைக்குழாய் கொஞ்சம் நீளம், எண்ணூருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகிறது.

மற்ற அப்கிரேடுகள் பெரிதாக இல்லை. பின் டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன, அதே 235/45 ஆர்19 அளவில் கொஞ்சம் கெட்டியான ரகம் போட்டேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் ஒரு ரிம் வளைந்தது, தட்டி எடுத்தாயிற்று. உப்புக் காற்றுக்காக பெயின்ட் மேல் பிலிம் ஒட்டினேன். அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்பு கோட்டிங் அடிக்க ஒரு கடைக்காரர் விடாப்பிடியாக நின்றார், பேட்டரி உறை மேல் எதையும் அடிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஏன் விற்க நினைத்தேன்? மாதவரம் பக்கம் ஒரு ஃபிளாட். ஹவுசிங் லோன் தகுதி பார்க்கும்போது வங்கி முதலில் கழிப்பது நடப்பில் இருக்கிற இஎம்ஐயைத்தான், என் கார் இஎம்ஐயைக் கழித்ததும் கிடைக்கிற தொகை ஃபிளாட்டின் கிச்சனுக்குக்கூடக் காணாது என்று மனைவி சொன்னாள், அவள் சொன்னது கொஞ்சம்தான் மிகை. மழைக் கவலையும் ஒரு காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவன், பேட்டரியைத் தரையோடு வைத்திருக்கிற காரை வாசலில் நிறுத்திவிட்டு அக்டோபர், நவம்பரில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

முதலில் பழைய கார் வாங்கும் ஒரு கம்பெனி. ஆப்பில் காட்டிய விலையைப் பார்த்து எனக்கே ஆசை வந்தது. அப்புறம் பரிசோதிக்க ஒரு பையன் வந்தான். பெயின்ட் கனத்தை அளந்தான், டயரைப் பார்த்தான், கடைசியில் "எவ்வளவு வரைக்கும் சார்ஜ் போடுவீங்க சார்?" என்றான். வாரத்துக்கு ஒருமுறையாவது நூறு போடுவேன் என்றேன். "ஐயோ, எண்பதுக்கு மேல போட்டா பேட்டரி போயிடும் சார்" என்று டேப்லெட்டில் ஏதோ டிக் அடித்தான். எண்பது சதவீதக் கணக்கு நிக்கல் கலந்த பேட்டரிகளுக்குப் பொருந்தும். இதில் இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் வோல்டேஜ் நடுவில் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்பதால், அவ்வப்போது முழுசாக நிரப்பினால்தான் வண்டிக்கே மிச்சம் எவ்வளவு என்று சரியாகக் கணக்குப் போட வரும். வண்டியின் கம்ப்யூட்டர் கணக்கைப் படிக்கிற ஓபிடி கருவியை மாட்டி, பேட்டரி ஆரோக்கியம் 95 சதவீதத்துக்கு மேல் இருப்பதைக் காட்டினேன். பையன் நல்லவன், போட்டோ எடுத்துக்கொண்டான். ஆனால் அவன் டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை. சாயங்காலம் வந்த விலை வாங்கினதில் பாதியை ஒட்டி இருந்தது.

அடுத்து ஒரு சொகுசுக் கார் டீலர். அவர் நேராகவே பேசினார். பழைய ஈவியை டீலர் விற்றால் லாபத்தின் மேல் ஜிஎஸ்டி முன்பு 12 சதவீதம், 2025 ஜனவரியிலிருந்து 18. "அதையும் உங்க விலையிலதான் சார் கழிக்கணும்" என்றார். ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் இந்த ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே நேரடி விளம்பரம் போட்டேன்.

நேரடி விளம்பரத்தில் முக்கால்வாசிப் பேர் வெளிவட்டச் சாலையில் ஒரு ரவுண்டு போய்வரத்தான் வந்தார்கள். உருப்படியாகப் பேசியவர் ஒரு பெங்களூருக்காரர். விலைகூட ஒத்து வந்தது. பிறகு அவர் அங்கே விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். நான் வாங்கியபோது தமிழ்நாட்டில் ஈவிக்குச் சாலை வரி விலக்கு இருந்தது, நான் ஒரு ரூபாய் கட்டவில்லை. கர்நாடகத்தில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட ஈவிக்கு 2024-லிருந்து 10 சதவீத ஆயுள் வரி. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும்தான், ஆனாலும் அந்தத் தொகையை என் விலையில் குறைக்கச் சொன்னார். என் விலக்கு மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. வெளிமாநிலத்துக்கு என்றால் ஆர்டிஓவில் படிவம் 28 போட்டுத் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும், அதற்கு முன் வங்கிக் கடனை முடித்து, ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை எடுப்பதற்கான படிவம் 35 வாங்க வேண்டும். உள்ளூரிலேயே விற்றாலும் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களும் இந்த 35-ம் உண்டு.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிடைத்த நல்ல விலையிலிருந்து மிச்சக் கடன், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் எல்லாம் போனால் கையில் நிற்பது ஒரு சின்ன கார் வாங்கத்தான் காணும், அதற்கும் லோன் போட்டால் பழையபடி இஎம்ஐ. விலை இறங்குவதில் பெரும்பகுதி முதல் ரெண்டு வருஷத்திலேயே நடந்துவிட்டது, அந்த நஷ்டத்தைப் பட்டது நான், மலிவாக ஓட்டப்போவது வாங்குகிறவர். மனைவி இன்னொன்றும் சொன்னாள், ஃபெஞ்சல் புயல் ராத்திரி கரண்ட் போனபோது காரிலிருந்து ஒயர் இழுத்து எங்கள் ஃப்ரிட்ஜும், எதிர்வீட்டுப் பாட்டியின் நெபுலைசரும் ஓடினதை.

கடைசியில் செய்தது இதுதான்: ஒரு வைப்புத்தொகையை உடைத்து கார் லோனில் ஒரு பகுதியைக் கட்டினோம், காலத்தைக் குறைக்காமல் இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். சில வங்கிகள் கேட்காவிட்டால் தானாகக் காலத்தைக் குறைத்துவிடும், தகுதிக் கணக்குக்கு அதனால் உபயோகமில்லை. மாதவரத்தில் மூன்று பெட்ரூமுக்குப் பதிலாக இரண்டு பார்க்கிறோம், தரைத்தளப் பார்க்கிங் உயரமாக இருக்கிறதா என்று மனைவியைவிட நான்தான் அதிகம் குனிந்து பார்க்கிறேன். விளம்பரத்தை எடுத்தாயிற்று. இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற மாதம் இது, தண்ணீர் புகுந்தால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பணம் தருகிற கூடுதல் கவரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், ஏஜென்ட் இன்னும் விலை சொல்லவில்லை.