ஒன்றரை மாத ஊசி

11 ஜூன் 2024, செவ்வாய்

நாளை பாப்பாவுக்கு ஒன்றரை மாத ஊசி. மதியத்திலிருந்தே அத்தை சரியாகப் பேசவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போதுதான் சொன்னார். 2008-இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்துபோனார்களாம். நடந்ததுதான். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் வந்து போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். "பயப்படாதீங்க அத்தை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12 ஜூன், புதன்

நர்ஸம்மாவிடம் நேராகவே கேட்டேன், 2008 உட்பட. அவர் முகம் சுளிக்கவில்லை. தட்டம்மை மருந்து பொடியாக வரும், கலந்த நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மீந்ததைத் தூக்கிப் போட வேண்டும் என்றார். நம் பாப்பாவுக்குப் போடும் பென்டா, அதாவது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி, திரவமாகவே வருகிறது; பாட்டிலைத் திறந்த தேதியும் நேரமும் அதன்மேல் எழுதியிருந்ததைக் காட்டினார்.

இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியா ஊசி, வலது கையில் போலியோ ஊசி, அப்புறம் வாயில் சொட்டு மருந்து. அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். கடுமையான ஒவ்வாமை என்பது பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான். வந்தாலும் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் தெரிந்துவிடும். அத்தை கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

13 ஜூன், வியாழன்

அதிகாலை 3 மணிக்கு 101 டிகிரி. நர்ஸம்மா சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு கொடுத்தேன். பென்டாவில் கக்குவான் கிருமியைக் கொன்று முழுசாகச் சேர்க்கிறார்கள், காய்ச்சல் பெரும்பாலும் அதனால்தான். தனியாரில் போடும் 'வலியில்லா ஊசி'யில் கிருமியின் சில பகுதிகள் மட்டுமே. காய்ச்சல் குறைவு, ஆனால் பாதுகாப்பும் சீக்கிரம் குறைகிறது. இவ்வளவும் தெரிந்தும், அவள் வீறிட்டபோது மனசு கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் தோளில் போட்டு நடந்தேன். தொடையில் எண்ணெய் தேய்க்க வந்த அத்தையைத் தடுத்து, ஈரத்துணி மட்டும் வைத்தேன்.

15 ஜூன், சனி

காய்ச்சல் நேற்றே விட்டது. தொடையில் சுண்டைக்காய் அளவு கட்டி, அமுக்கினால்கூட அழவில்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள்.

9 ஜூலை, செவ்வாய்

நாளை அடுத்த தவணை. எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு நாளைதான் ஒன்றரை மாத ஊசி.

"எவ்வளவு நேரம் அழுதா அக்கா?"

குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "இரண்டரை மணி நேரம்" என்றேன். "சரிக்கா, காலையில சேர்ந்தே போலாம்" என்றாள்.