வந்து சேர்ந்தோம், கதவச் சாத்திட்டாங்க

மெல்போர்னுக்குப் புதுசா வர்றவங்க நிறைய பேர் எங்கிட்ட கேக்குறது இதுதான், "கொரோனா நேரத்துலதான் வந்தீங்களாமே, எப்படிங்க தாக்குப்பிடிச்சீங்க?" கேக்கும்போதே முகத்துல ஒரு எதிர்பார்ப்பு தெரியும், தியானம் யோகா பாசிட்டிவ் திங்கிங்னு ஏதாவது சொல்லுவேன்னு. அப்படி ஒண்ணும் இல்லங்க. அந்த நேரத்துல வாட்சப்புல வந்த "இதுவும் கடந்து போகும்" ஃபார்வர்டு ஒவ்வொண்ணுக்கும் எனக்கு பிபிதான் ஏறுச்சு. நிஜமா எது தாங்குச்சுன்னு யோசிச்சா ரொம்ப சாதாரண விஷயங்கதான் ஞாபகம் வருது, அதுலயும் பாதி தானா வந்து மாட்டினது.

நாங்க வந்தது 2019 டிசம்பர். 190 விசா, கையில பிஆர் (நிரந்தரமா இங்க இருக்கற உரிமை), நான், வீட்டுக்காரர், அடுத்த மாசம் ப்ரெப்ல, அதாவது ஸ்கூல் முதல் வருஷத்துல, சேரப் போற பொண்ணு. மெல்போர்ன் மேற்குப் பக்கம் டார்னீட்ல ஒரு வாடகை வீடு. வந்த கொஞ்ச நாள்லயே கிப்ஸ்லேண்ட் பக்கம் எரிஞ்ச காட்டுத்தீயோட புகை ஊருக்குள்ள வந்துடுச்சு. ஜனவரி நடுவுல ஆஸ்திரேலியன் ஓப்பன் தகுதிச் சுற்றுல ஒரு வீராங்கனை இருமி இருமி முடியாம கோர்ட்லயே உக்காந்து மேட்ச விட்டுக் கொடுத்துட்டாங்க, டிவில பாத்துட்டு நான் ஜன்னல் இடுக்குல ஈரத்துணி வச்சு அடைச்சுட்டு இருந்தேன். சுத்தமான காத்துக்காகன்னு சொல்லி வந்த ஊரு!

அந்தப் புகை போனதும் கொரோனா. மார்ச் 20ல இருந்து சிட்டிசன், பிஆர் தவிர மத்தவங்க உள்ள வர முடியாது. 25ல இருந்து சிட்டிசன், பிஆர் இருக்கறவங்க பர்மிஷன் இல்லாம வெளிய போகவும் முடியாது. வீட்டுக்காரருக்கு வந்திருந்த வேலை ஆஃபர ஒரு கம்பெனி ரெண்டு வரி மெயில்ல திரும்ப எடுத்துக்கிச்சு. மனுஷன் ஒரு வாரம் பேசல, அப்புறம் ஒரு வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட்டுக்குப் போக ஆரம்பிச்சாரு. எங்களுக்காவது பிஆர் இருந்துச்சு. புதுசா வந்தவங்க ஜாப்சீக்கர்ங்கற வேலையில்லாதவங்களுக்கான அரசாங்கப் பணத்துக்கு நாலு வருஷம் காத்திருக்கணும்ங்கற ரூல அப்ப நிறுத்தி வச்சிருந்தாங்க, கூடவே ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ 550 டாலர் எக்ஸ்ட்ரா. எங்க பின்னாடி யூனிட்ல இருந்த ஸ்டூடன்ட் விசா பசங்களுக்கு இது எதுவும் கிடையாது. கையில காசு இல்லாத டெம்பரரி விசாக்காரங்க ஊருக்குத் திரும்பறதப் பத்தி யோசிக்கணும்ங்கற மாதிரி பிரதமரே பேசினாரு. திரும்பறதுக்கு ஃப்ளைட் எங்க இருக்குன்னு மட்டும் யாரும் சொல்லல.

ஆனா மெல்போர்ன்காரங்ககிட்ட லாக்டவுன்னு சொன்னா மார்ச் மாசத்த நினைக்க மாட்டாங்க, ரெண்டாவதத்தான் நினைப்பாங்க. 2020 ஆகஸ்ட் 2ல இருந்து ஸ்டேஜ் ஃபோர். ராத்திரி 8 மணில இருந்து காலைல 5 மணி வரைக்கும் ஊரடங்கு, வீட்ட விட்டு 5 கிலோமீட்டர் தாண்டக் கூடாது, நடக்கறதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மாஸ்க் இல்லன்னா 200 டாலர் ஃபைன், பார்க்ல இருக்கற ஊஞ்சலுக்குக் கூட டேப் சுத்தி வச்சிருந்தாங்க. அந்த 5 கிலோமீட்டர் வட்டத்த மேப்ல போட்டுக் காட்ற வெப்சைட் ஒண்ணு இருந்துச்சு. எங்க அட்ரஸ போட்டுப் பாத்தா வட்டத்துக்குள்ள புது வீடுங்க, காலி மனை, ஒரு ரயில்வே ஸ்டேஷன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே குடும்பம் டாண்டினாங்ல, ஊரோட அந்தக் கோடியில. அந்த வட்டத்த பாத்தப்பதான் நாங்க எவ்ளோ தனியா இருக்கோம்னு உறைச்சுது.

தினமும் காலைல முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் ப்ரெஸ் மீட், நேத்து எத்தன கேஸு எத்தன சாவுன்னு. ஆகஸ்ட் 5ல 725 கேஸு. நான் அத விடாம பாத்தேன், எதுக்குன்னே தெரியாம. பொண்ணுக்கு ப்ரெப் வருஷத்துல பாதி ஐபேட்லயே போச்சு, டீச்சர் கழுத்துக்குக் கீழ எப்படி இருப்பாங்கன்னு அவளுக்கு மறந்தே போச்சு. அந்த ஒரு மணி நேர நடைல ஒரே நல்ல விஷயம் ஸ்பூன்வில். அந்தக் குளிர்காலத்துல மெல்போர்ன்ல தெருவுக்குத் தெரு முளைச்சுது, மரக்கரண்டிக்கு கண்ணு மூக்கு வரைஞ்சு, துணி கட்டி, நடைபாதை ஓரத்து மண்ல பசங்க நட்டு வச்சிருப்பாங்க. எங்க பொண்ணு ஒரு கரண்டிக்கு சேலை கட்டி நட்டா. மறுநாள் போய்ப் பாத்தா பக்கத்துல புதுசா ஒரு கரண்டி நிக்குது, யார் வச்சதுன்னே தெரியாது, பாத்துட்டு அவ குதிச்ச குதி இருக்கே.

அந்த ஆகஸ்ட் கடைசிலதான் அப்பா போயிட்டாரு. ஹார்ட் அட்டாக். கொரோனா இல்ல, ஆனா கொரோனா இல்லாம இருந்திருந்தா நான் அங்க இருந்திருப்பேன். போகணும்னா எக்ஸெம்ப்ஷன் வாங்கணும், போயிட்டா திரும்ப வர்ற ஃப்ளைட்டுக்கு சீட் லிமிட், எங்க ஸ்டேட் விக்டோரியா ஜூலைலயே வெளிநாட்டு ஃப்ளைட்ட எடுக்கறத நிறுத்தியாச்சு, வேற ஸ்டேட்ல இறங்கினா 14 நாள் ஹோட்டல் குவாரன்டைன், அதுக்கப்புறம் ஸ்டேட் பார்டர். அண்ணன் போன்ல சொன்னான், "நீ பேப்பர் வாங்கறதுக்குள்ள பதினாறாம் நாளே முடிஞ்சிரும்டி, அங்கயே இரு." சரியாத்தான் சொன்னான். அதனால வலி ஒண்ணும் குறையல.

வீடியோ கால்லதான் பாத்தேன். சித்தி பையன் போன பிடிச்சிட்டு இருந்தான். பாவம், சின்னப் பையன், கொஞ்ச நேரத்துல கை வலிச்சிருக்கும் போல, போன் மெதுவா கீழ இறங்கிடுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கால்கள்தான். வாசப்படி, கலைஞ்சு கெடந்த செருப்பு, நடந்து போற கால். யார் யாரு வந்திருக்காங்கன்னு பாதத்த வச்சே கண்டுபிடிச்சேன், வெடிப்பு விழுந்த குதிகால் பெரியம்மா, வேட்டி நுனில மண்ணு ஒட்டினது மாமா. "தம்பி, கொஞ்சம் மேல தூக்குடா"ன்னு சொல்லணும்னு தோணல, ஏன்னு இன்னிக்கும் தெரியல. அங்க மூணு மணின்னா இங்க ஏழரை. முடிஞ்சப்ப இங்க இருட்டிப் போச்சு, வீட்டுக்காரர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பணும், பொண்ணோட அன்னிக்கு ஹோம்வொர்க்க போட்டோ எடுத்து அப்லோட் பண்ணணும். பண்ணேன்.

அப்புறம் அழுகையே வரல. அதான் பயமா இருந்துச்சு. ஜிபிகிட்ட (குடும்ப டாக்டர்) போன்லயே பேசினேன், அவர் மென்டல் ஹெல்த் கேர் பிளான் எழுதிக் கொடுத்தாரு. மெடிகேர்ங்கற அரசாங்க மருத்துவக் காப்பீடு இருந்தா வருஷத்துக்கு 10 செஷனுக்கு ரிபேட் குடுப்பாங்க, 2020ல அத 20 ஆக்கினாங்க, 2022 கடைசியோட அது முடிஞ்சு மறுபடி 10 ஆயிடுச்சு. நம்மாளுங்களுக்கு கவுன்சலிங்னாலே பைத்தியம்ங்கற நெனப்பு, எங்கம்மாகிட்ட இன்னிவரைக்கும் சொல்லல, சொல்லப் போறதும் இல்ல. அந்த கவுன்சலர் பாலின் பாஸ்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியை பத்திச் சொன்னாங்க. வியட்நாம் போர்ல காணாமப் போன வீரர்களோட குடும்பங்கள ஆராய்ஞ்சவங்க, ஆள் இல்லன்னு மனசு முழுசா முடிவு கட்ட முடியாத இழப்புக்கு அவங்க 'ஆம்பிகுவஸ் லாஸ்'னு தனியா ஒரு பேரே வச்சிருக்காங்களாம். என் அப்பா ஒண்ணும் காணாமப் போகல, ஆனாலும் ஏதோ புரிஞ்சுது. ஒவ்வொரு தடவ வீட்டுக்கு போன் பண்றப்பவும் அவர் ஹலோ சொல்லுவாருன்னு காது காத்துட்டே இருந்துச்சே. அதுக்கு ஒரு பேர் இருக்குங்கறதே ஒரு ஆறுதல். மார்க் போடணும்னா நூத்துக்கு அம்பது போடுவேன், குறைச்சலா சொல்லல, அன்னிக்கு நிலைமைல அம்பதே பெருசு.

மிச்ச அம்பது ஒரு ஆன்ட்டி. அந்த வட்டத்துக்குள்ளயே இருந்திருக்காங்க, எங்களுக்குத்தான் தெரியல. இலங்கைத் தமிழர், அறுபது தாண்டினவங்க, தொண்ணூறுகள் கடைசில இங்க வந்தவங்க. யார் மூலமாவோ விஷயம் கேள்விப்பட்டு, அவங்க நடைப்பயிற்சி நேரத்துல எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தாங்க. உள்ள வரக்கூடாதுன்னு ரூல், அதனால நடைபாதைலயே மாஸ்கோட நின்னாங்க. நான் துக்கம் விசாரிக்கப் போறாங்கன்னு நினைச்சு அதுக்கு ஒரு முகத்த ரெடி பண்ணிட்டு நிக்கறேன், அவங்க கேட்டது: "பிள்ளை, திங்கக்கிழமை காலமை உமக்கு என்ன வேலை?"

ஒண்ணும் இல்லன்னேன். "அப்ப நல்லது"ன்னு ஒரு மடிச்ச பேப்பர வேலி மேல வச்சாங்க. தனியா இருக்கற வயசான தமிழாளுங்களோட நம்பர், பேருக்குப் பக்கத்துல பேனாவால சின்னச் சின்ன குறிப்பு. "காது மந்தம், சத்தமாக் கதைக்கவும்." "மகன் பற்றிக் கேக்க வேண்டாம்." வாரம் ஒருதடவ போன் பண்ணி பேசணும், அவ்ளோதான். நீ எப்படி இருக்கன்னு அவங்க எங்கிட்ட கேக்கவே இல்ல, அடுத்த வாரமும் கேக்கல, யாருக்கெல்லாம் போன் பண்ணினேன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அதுதான் தேவையா இருந்திருக்கு. எப்படி இருக்கன்னு கேட்டவங்ககிட்டலாம் நல்லாருக்கேன்னு பொய் சொல்லிச் சொல்லியே களைச்சிருந்தேன்.

அந்த போன்கள்ல பெரிய தத்துவம் ஒண்ணும் பேசல. ஒரு தாத்தா, டிவில அன்னிக்கு வந்த கேஸ் கணக்க எனக்கே திரும்ப வாசிச்சுக் காட்டுவாரு. ஒரு பாட்டிக்கு பேசவே வேண்டாம், செடிக்குத் தண்ணி ஊத்தி முடிக்கற வரைக்கும் லைன்ல இருக்கணும், தண்ணி சத்தம் மட்டும் கேக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கறப்ப, நாளைக்கு எனக்காக யாரோ போன் பக்கத்துல உக்காந்திருப்பாங்கன்னு தெரியும். அது போதுமா இருந்துச்சு, எழுந்திரிக்கறதுக்கு.

ஆன்ட்டி தன் கதைய ஒரே ஒரு தடவதான் சொன்னாங்க, அதுவும் நான் கேட்டதால. 1995 அக்டோபர் 30, யாழ்ப்பாணத்த நோக்கி ராணுவம் வந்துட்டு இருக்கு, ஒரே ராத்திரில ஊரே கிளம்பி நாவற்குழிப் பாலம் வழியா தென்மராட்சிக்குப் போச்சு, லட்சக்கணக்கான சனம், மழை, நகர முடியாத நெரிசல். அவங்க அப்ப டீச்சர். போய்ச் சேந்த இடத்துல கொஞ்ச நாள்லயே ஒரு மரத்தடில வகுப்பு ஆரம்பிச்சுட்டாங்களாம். "எப்ப வீட்டை போவம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா நாளைக்குக் கணக்குப் பாடம் இருக்கு எண்டு பிள்ளையளுக்குத் தெரியும்"னாங்க. சொல்லிட்டு உடனே, போன வாரம் அந்த தாத்தாவுக்கு யார் போன் பண்ணினதுன்னு பேச்ச மாத்திட்டாங்க. இந்த மாதிரி ஆளுங்கள பாத்து "என்ன ஒரு மன உறுதி"ன்னு சிலர் கை தட்டறப்ப எனக்கு எரிச்சலா இருக்கும். அவங்களுக்கு வேற வழியே இல்லாம பண்ணிட்டாங்க, அதப் பாராட்டறதுக்கு முன்னாடி யார் பண்ணினாங்கன்னு கேக்க வேண்டாமா?

அக்டோபர் 26, புதுக் கேஸ் பூஜ்யம், சாவு பூஜ்யம். பூஜ்யம் டோனட் மாதிரி வட்டமா இருக்குல்ல, இங்க அத டோனட் டேன்னு கொண்டாடினாங்க. ரெண்டு நாள்ல கடை திறந்தாங்க, நாங்களும் மூச்சு விட்டோம். ஆனா அடுத்த ஏப்ரல்ல இந்தியால ரெண்டாவது அலை. போன் அடிச்சாலே வயித்தக் கலக்கும். அதுக்கு நடுவுல மே 3ல இருந்து, இந்தியால இருக்கற ஆஸ்திரேலிய சிட்டிசனே திரும்ப வந்தா 66,600 டாலர் வரைக்கும் ஃபைன், இல்லன்னா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அறிவிச்சாங்க. மே 15 வரைக்கும்தான் அது இருந்துச்சு, ஆனா அந்த ரெண்டு வாரத்துல இந்த நாட்டு மேல எனக்கு வந்த கோவம் முழுசா இன்னும் போகல.

அப்ப ஊர்ல இருந்த தோழிங்க சில பேர் பெட், ஆக்சிஜன் தேடறவங்களுக்காக கூகுள் ஷீட் ஒண்ணு வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரி பேரு, நம்பரு, பெட் இருக்கா, கடைசியா யார் பேசினது, எத்தன மணிக்கு. அந்த 'எத்தன மணிக்கு'ங்கற கட்டம்தான் உயிர், ஒரு மணி நேரம் பழசானாலே அந்தத் தகவல் செத்த தகவல். ராத்திரி ஒரு மணிக்கு மேல அங்க எல்லாரும் களைச்சு விழுந்துடுவாங்க. அங்க ஒரு மணின்னா எனக்கு விடியக்காலம் அஞ்சரை. இத்தன நாள் சாபம் மாதிரி இருந்த அந்த நாலரை மணி நேரம் முதல் தடவையா உபயோகமாச்சு. டீ போட்டுட்டு உக்காந்து வரிசையா நம்பர் அடிப்பேன், 104 ஹெல்த் ஹெல்ப்லைனுக்கும் போட்டுப் பாப்பேன். ஒரு நர்ஸ், குரல கேட்டா தூங்கி ரெண்டு நாள் ஆன மாதிரி இருந்துச்சு, "அக்கா, இப்ப பெட் இல்ல. காலைல ஆறு மணிக்கு ரெண்டு டிஸ்சார்ஜ் இருக்கு, அஞ்சே முக்காலுக்கே ஆள வாசல்ல நிக்கச் சொல்லுங்க"ன்னாங்க. அப்படியே டைப் பண்ணிப் போட்டேன். அன்னிக்குப் பகல்ல ஒரு மெசேஜ், "அப்பாவுக்கு பெட் கிடைச்சிருச்சு, தேங்க்ஸ்." யாரோட அப்பான்னு தெரியாது. அப்பதான் அழுதேன், எங்கப்பாவுக்கு வரவேண்டிய அழுகை எல்லாம் சேத்து. நிறைய பேருக்குக் கிடைக்கல, அதையும் சொல்லணும். பதிலே வராத வரிகள்தான் அந்த ஷீட்ல ஜாஸ்தி.

மெல்போர்ன்ல மொத்தம் 262 நாள் லாக்டவுன் ஆச்சு. 2021 நவம்பர் 1ல பார்டர் திறந்தாங்க, அடுத்த வருஷம் ஊருக்குப் போனேன். அப்பாவோட சட்டையெல்லாம் அம்மா எப்பவோ எடுத்துக் கொடுத்துட்டாங்க, அழுது தீர்க்கப் போறோம்னு போன எனக்கு நான் இளைச்சதுக்கு திட்டுதான் கிடைச்சுது. வீட்டுக்காரருக்கு கடைசில அவர் லைன்லயே வேலை கிடைச்சுது, அது தனிக் கதை.

புதுசா வந்து மனசு சரியில்லாம இருக்கறவங்களுக்கு: லைஃப்லைன் 13 11 14, எந்நேரமும் எடுப்பாங்க. இங்கிலீஷ்ல பேச வராதுன்னா முதல்ல 131 450க்கு போட்டு தமிழ்னு சொல்லுங்க, மொழிபெயர்க்கறவங்கள சேத்து இணைச்சுவிடச் சொல்லிக் கேக்கலாம். ஸ்டூடன்ட்ஸ் உங்க யூனிவர்சிட்டி கவுன்சலிங்க விசாரிங்க, விசாவுக்குப் பிரச்சனை வரும்னு பயந்து சும்மா இருக்காதீங்க.

இன்னொண்ணு, அந்த திங்கக்கிழமை லிஸ்ட்டு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, ஆள்தான் பத்தல. தமிழ் பேசத் தெரிஞ்சா போதும். ஆனா கேஸ் கணக்கு வாசிச்ச அந்த தாத்தா இப்ப கிரிக்கெட் ஸ்கோருக்கு மாறிட்டாரு, அவர எடுக்கறவங்க கொஞ்சம் மேட்ச் பாத்துட்டு வாங்க, இல்லன்னா திட்டு விழும்.